பாசி சுரண்டினவங்களும் பாசியைப் படித்தவளும்

கவ்வாத்து வெட்டிய மலையில் பாசி சுரண்டுகிற வேலையைப் பார்த்திருக்கிறீங்களா? ஆம்பிளைகள் கத்தியோடு முன்னால் வெட்டிக்கொண்டு போவார்கள். பின்னால் பெண்கள் வந்து, மொட்டையாக நிற்கிற தேயிலைத் தூரில் பச்சையும் சாம்பலுமாக ஒட்டிக்கிடக்கிற பாசியைச் சுரண்டி எடுப்பார்கள். பாசி அப்பிக்கிடந்தால் தண்டிலிருந்து புதுத் துளிர் நன்றாக வெடிக்காது என்பது கணக்கு. எங்க அம்மாயி இந்த வேலையை எத்தனையோ வருஷம் செய்தது. சாக்குத் துண்டால் தேய்ப்பது, கத்தி முதுகால் சுரண்டுவது, குளிரில் விரல் விறைத்துப்போனால் அக்குளில் வைத்துச் சூடு பண்ணிக்கொள்வது. ஒரு நாள் முழுக்கச் சுரண்டினால் ஒரு பேர். மழை வந்து பாதியில் இறங்கினால் அரைப்பேர்.

அந்தப் பாசியை வாழ்க்கை முழுக்க உட்கார்ந்து படித்த ஒரு பெண்ணைப் பற்றி அறுநூறு பக்கத்துக்குக் கிட்ட ஒரு நாவல் இருக்கிறது என்று ஒரு தோழி சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. எலிசபெத் கில்பர்ட் எழுதி 2013இல் வந்த ‘த சிக்னேச்சர் ஆஃப் ஆல் திங்ஸ்’. தமிழில் சொன்னால் ‘எல்லாப் பொருளிலும் உள்ள கையொப்பம்’ மாதிரி வரும். ஆங்கிலத்தில்தான் படித்தேன், பக்கத்தில் அகராதியோடு. முதல் நூறு பக்கத்துக்கு இரண்டு கிழமை பிடித்தது. மிச்சத்தை நாலு நாளில் முடித்தேன். பிடித்தது. கோபமும் வந்தது. இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன். கதை தெரிந்துவிடும், அதனால் படிக்கப்போகிறவர்கள் பிறகு வந்து வாசித்தாலும் பரவாயில்லை.

அல்மா விட்டேக்கர் 1800 சனவரியில் பிலடெல்பியாவில் பிறக்கிறாள். அப்பா ஹென்றி பெரிய பணக்காரர், மருந்துச் செடி வியாபாரி. அம்மா பியாட்ரிக்ஸ் ஆம்ஸ்டர்டாமில் தாவரத் தோட்டம் நடத்திய குடும்பத்துப் பெண், கண்டிப்பானவள். வீட்டில் நூலகம், கண்ணாடி வீடுகள், உலகம் முழுக்க இருந்து வருகிற விஞ்ஞானிகளோடு இராச்சாப்பாடு. பிள்ளை அழகாக இல்லை. உயரம், பெரிய மூக்கு, சிவந்த தலைமுடி. ஆனால் மூளை கூர்மை. லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, டச்சு எல்லாம் படிக்கிறாள். எதைப் பார்த்தாலும் ‘ஏன்’ என்று கேட்கிறாள். கேட்டதற்கு அடி விழாத வீடு அது. இந்த இடத்தைப் படிக்கும்போதே எனக்குப் பொறாமை.

அவள் விரும்பிய ஒருவன் அவளுடைய சிநேகிதியைக் கல்யாணம் கட்டிக்கொள்கிறான். தாய் இறந்த பிறகு வீட்டையும் அப்பாவையும் விட்டு அசைய முடியாத நிலை. இனி வாழ்க்கை இவ்வளவுதான் என்று இருக்கிற ஒரு நாளில், தோட்டத்து ஓரத்தில் கிடக்கிற பாறைகளை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறாள். பாசி. கண்ணாடிக்குள்ளே அது பாசியாக இல்லை, ஒரு காடு. பள்ளத்தாக்கு, மலை, ஓடை, ஒன்றோடொன்று எல்லைக்குச் சண்டை பிடிக்கிற கூட்டங்கள். பாசிக்கென்று தனி நேரம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கிறாள். மனுச நேரத்தை விட மெதுவாக, பாறையின் நேரத்தை விட வேகமாக. ஒரு பாசிக் கூட்டம் இன்னொன்றின் இடத்தை விரற்கடை அளவு பிடிப்பதைப் பார்க்க வருஷக்கணக்கில் காத்திருக்கிறாள். கால் நூற்றாண்டுக்கு மேல் அதே பாறைகள்.

இந்தப் பகுதிக்காகவே நாவலைப் படிக்கலாம். பெண்ணைப் பற்றிய சரித்திர நாவல் என்றால் பெரும்பாலும் என்ன இருக்கும்? ராணி, காதல், சதி, பிள்ளைப்பேறு. இங்கே ஒரு பெண்ணுக்கு வேலை பிடித்திருக்கிறது. அவ்வளவுதான். காதல் தோற்றதற்கு மருந்தாக வேலை வந்தது உண்மை, ஆனால் பிறகு அந்த வேலை மருந்தாக இல்லை, அதுவே வாழ்க்கை. இடையில் ஆர்க்கிட் வரைகிற ஆம்ப்ரோஸ் பைக் வருகிறான், கல்யாணம் நடக்கிறது, அது கல்யாணமாகவே இல்லாமல் உடைகிறது, தஹித்தி வரை கதை போகிறது. நாவலின் பெயரும் ஆம்ப்ரோஸ் வழியாகத்தான் வருகிறது. யாக்கோப் போமே என்கிற ஜேர்மன் செருப்புத் தொழிலாளி, ஞானி. ஒவ்வொரு செடியிலும் கடவுள் தன் கையொப்பத்தைப் போட்டு வைத்திருக்கிறார் என்றார். அல்மாவுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. அவளுக்குச் சான்று வேண்டும். தஹித்திப் பகுதி எனக்கு இழுவையாகத்தான் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் அங்கே கடலில் மூச்சுமுட்டிச் சாகப்போய்த் திமிறி எழும்புகிற ஒரு கணத்தில் அவளுக்குப் பாசி புரிகிறது. டார்வின் சொல்லப்போவதை டார்வினுக்கு முன்பே எழுதி வைக்கிறாள். அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்பதற்குக் கீழே வருகிறேன்.

இப்போது கோபம்.

அல்மாவின் உருப்பெருக்கிக் கண்ணாடி, நூலகம், கேள்வி கேட்கிற உரிமை எல்லாம் எந்தக் காசில் வந்தது? நாவல் இதை மறைக்கவில்லை. ஹென்றி விட்டேக்கர் இலண்டன் கியூ தோட்டத்துத் தோட்டக்காரனின் மகன். செடி திருடி விற்றுப் பிடிபட்டு, தண்டனையாகக் கப்பலேற்றி அனுப்பப்படுகிறான். பெரு நாட்டு மலைகளில் சிங்கோனா மரத்தைப் பார்க்கிறான். அதன் பட்டையில்தான் கொயினா இருக்கிறது, மலேரியாக் காய்ச்சலுக்கு அன்றைக்கு இருந்த ஒரே மருந்து. விதையைக் கடத்தி, டச்சுக்காரர்களோடு சேர்ந்து ஜாவாவில் நட்டு, கோடீஸ்வரன் ஆகிறான். கில்பர்ட் இதைப் படுசுவாரசியமாக எழுதுகிறார். ஹென்றி முரடன், வாய்த்துடுக்கு, படிக்காதவன், ஆனால் கெட்டிக்காரன். நமக்கே அவனைப் பிடித்துப்போகும்.

நிஜத்தில் இது அறுபது எழுபது வருஷம் பிந்தித்தான் நடந்தது. ஜாவாவுக்குச் சிங்கோனா போனது 1850களில். இலங்கைக்கு வந்தது 1861இல். எங்கே வந்தது தெரியுமா? ஹக்கலைக்கு. ஆமாம், பாடசாலைச் சுற்றுலாவுக்குப் போய் ரோசாப்பூவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறோமே, அதே ஹக்கலைப் பூங்கா. அது பூப் பார்க்கத் தொடங்கின இடமில்லை, சிங்கோனாவைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கின இடம். பிரிட்டிஷ் படைக்கும் அதிகாரிகளுக்கும் வெப்ப நாடுகளில் காய்ச்சலில் சாகாமல் ஆட்சி பண்ண இந்தப் பட்டை தேவைப்பட்டது. அந்தக் காலத்து மருந்து என்பது பாதி இராணுவத் தளபாடம்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் பள்ளத்தாக்கின் கதை. 1869இல் கோப்பி இலையில் மஞ்சள் தூள் மாதிரி ஒரு பங்கசு தெரிந்தது. பதினைந்து இருபது வருஷத்தில் இலங்கைக் கோப்பியை அது துடைத்துவிட்டது. கடனில் மாட்டின துரைமார் கையில் கிடைத்ததை நட்டார்கள். திம்புள்ள, டிக்கோயா மலைகளில் கோப்பிக்குப் பக்கத்தில், கோப்பி பிடுங்கின இடத்தில் எல்லாம் சிங்கோனா. 1880களின் நடுவில் இலங்கையிலிருந்து வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் அளவுக்குப் பட்டை கப்பலேறியது. எல்லாரும் நட்டால் என்ன ஆகும்? விலை படுத்தது. பட்டை உரித்த மரங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தேயிலை. இன்றைக்குத் திம்புள்ளத் தேயிலை என்று உலகம் முழுக்கப் பெட்டியில் அச்சடித்து விற்கிறார்களே, அந்தத் தேயிலையின் வேருக்குக் கீழே ஒரு கோப்பித் தோட்டமும் ஒரு சிங்கோனாத் தோட்டமும் செத்துக் கிடக்கின்றன.

கோப்பியைப் பற்றி நமக்குக் கொஞ்சமாவது சொல்லிக்கொடுக்கிறார்கள். சிங்கோனாவைப் பற்றி ஒரு வரி. அந்தப் பட்டையைச் சீவினது, காயவைத்தது, மூட்டை கட்டினது யார்? மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக நடந்து, பாதி வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்களைப் பாதையோரம் விட்டுவிட்டு மாத்தளை வரைக்கும் வந்த சனம்தான். காய்ச்சலுக்கு மருந்து நடுவதற்காகவே காய்ச்சலுக்குள்ளே நடந்து வந்தவர்கள் என்று எழுதினால் அலங்காரமாகத் தெரியும். ஆனால் நடந்தது அதுதான்.

ஜாவா ஏன் ஜெயித்தது, இலங்கை ஏன் தோற்றது என்பதற்குப் பின்னால் இன்னொரு கதை. சார்ள்ஸ் லெட்ஜர் என்கிற ஆங்கில வியாபாரிக்குப் பொலிவியாவில் ஒரு வேலைக்காரர் இருந்தார். மனுவேல் இங்க்ரா மமானி, அய்மாரா பழங்குடியைச் சேர்ந்தவர். எந்த மரத்துப் பட்டையில் கொயினா அதிகம் என்று கண்ணால் பார்த்தே சொல்லக்கூடியவர். நல்ல மரம் விதை விடுகிற வருஷத்துக்காகக் காத்திருந்து, 1865இல் விதையைச் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். லெட்ஜர் அதில் ஒரு பகுதியை டச்சு அரசுக்கு விற்றார். அதிலிருந்து முளைத்த மரங்கள்தான் ஜாவாவை உலகத்தின் கொயினாச் சந்தைக்கு ராசாவாக்கின. மமானி மறுபடி விதை சேர்க்கப் போனபோது பிடித்து, அடைத்து, அடித்தார்கள். அதிலேயே செத்துப்போனார். அந்த மரத்துக்குத் தாவரவியலில் வைத்த பெயர் சிங்கோனா லெட்ஜேரியானா.

கையொப்பம் என்கிற தலைப்பு எனக்கு உறுத்தத் தொடங்கினது இந்த இடத்தில்தான். செடியில் கடவுள் போட்ட கையொப்பம் இருக்கோ இல்லையோ, மனுசன் போட்ட கையொப்பம் கண்டிப்பாக இருக்கிறது. லெட்ஜர் கையெழுத்துப் போடுகிறார். மமானி போடுவதில்லை. எங்க அம்மாயி சம்பள நாளில் கைநாட்டு வைக்கும். மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வரும்.

நாவலில் ஹென்றியின் சிங்கோனாத் தோட்டத்துத் தொழிலாளர்கள் எத்தனை பக்கத்துக்கு வருகிறார்கள் என்று திரும்பிப்போய்த் தேடிப்பார்த்தேன். ஜாவா என்கிற பெயர் வருகிறது, பணம் வருகிறது, பட்டை வருகிறது. பட்டை உரிக்கிற ஆள் முகத்தோடு வரவில்லை. இது கில்பர்ட்டுக்குத் தெரியாமல் நடந்தது என்று நான் நினைக்கவில்லை. ஏனென்றால் அல்மாவுக்கு ஒரு வளர்ப்புத் தங்கச்சி இருக்கிறாள், புரூடன்ஸ். அழகி, வாய் பேசாதவள். கறுப்பின மக்களின் அடிமைத்தனத்துக்கு எதிராகப் போராடப் போகிறாள். ஏழ்மையான வீட்டில், தங்கள் சமூகத்தால் ஒதுக்கப்பட்டு வாழ்கிறாள். அல்மாவுக்கு இந்தத் தங்கச்சி புரிவதே இல்லை. பக்கத்தில் இருந்தும் போய்ப் பார்ப்பதில்லை. பாறையில் பாசி நகர்வதைக் கால் நூற்றாண்டு பார்த்தவள், சொந்தத் தங்கச்சி தனக்காக என்ன விட்டுக்கொடுத்தாள் என்பதைப் பார்க்கவில்லை.

கடைசியில் அந்தத் தங்கச்சிதான் அல்மாவின் கோட்பாட்டைத் தடுக்கிறாள். உயிர்கள் எல்லாம் போட்டியிட்டு, மாறி, ஜெயித்தது மிஞ்சுகிறது என்றால், புரூடன்ஸ் மாதிரி ஒருத்தி ஏன் இருக்கிறாள்? தனக்கு எந்த இலாபமும் இல்லாமல் மற்றவர்களுக்காக ஏன் எல்லாவற்றையும் கொடுக்கிறாள்? இதற்குப் பதில் கிடைக்காததால் அல்மா கட்டுரையை மேசைக்குள் வைத்துப் பூட்டுகிறாள். 1859இல் டார்வினின் புத்தகம் வந்துவிடுகிறது. நேர்மையான விஞ்ஞானி, ஓட்டை இருக்கிற கோட்பாட்டை வெளியே விடமாட்டாள் என்று நாவலை மெச்சுகிறார்கள். நானும் மெச்சுகிறேன். ஆனால் எனக்குத் தோன்றினது வேறு. அவள் தன் கோட்பாட்டில் தேடின ஓட்டையை வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் தேடியிருக்கலாம். போட்டி, வெற்றி என்று அவள் பாறையில் பார்த்ததைத்தான் அப்பா ஜாவாவில் செய்தார். அந்த இரண்டையும் அவள் ஒரு நாளும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நாவலும் அவளைப் பார்க்கவைப்பதில்லை. அருமையான நாவல் இதில்தான் எனக்கு ஒரு படி கீழே இறங்குகிறது.

அல்மா கற்பனை. ஆனால் நடக்க முடியாத கற்பனை இல்லை. எலிசபெத் பிரிட்டன் (1858–1934) என்கிற அமெரிக்கப் பெண் பாசிகளைத்தான் வாழ்நாள் முழுக்கப் படித்தார். நியூயோர்க் தாவரத் தோட்டத்தில் பாசிப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார், சம்பளம் இல்லாமல். இன்னொருத்தர் நம்ம ஊருக்கே வந்திருக்கிறார். மரியேன் நோர்த் (1830–1890). கல்யாணம் கட்டிக்கொள்ளாமல், தனியாகக் கப்பலேறி உலகம் சுற்றி, செடிகளை அது அது வளர்கிற இடத்திலேயே வைத்து எண்ணெய் வர்ணத்தில் வரைந்தவர். கியூ தோட்டத்தில் 1882இல் திறந்த அவருடைய காட்சிக்கூடத்தில் 800க்கு மேற்பட்ட ஓவியங்கள் இன்றைக்கும் சுவரை மூடிக்கொண்டு தொங்குகின்றன. 1877இன் தொடக்கத்தில் களுத்துறையில் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார். அந்த வீட்டுக்காரி அவரைப் போட்டோ எடுத்தார்.

அந்த வீட்டுக்காரி யார் என்றால், ஜூலியா மார்கரெட் கமரன். உலகத்துப் புகைப்படக் கலை வரலாற்றில் பெரிய பெயர். அவருடைய புருஷன் சார்ள்ஸ் ஹே கமரன். சாதாரண தரத்துக்கு வரலாறு படித்த எல்லாருக்கும் இவரைத் தெரியும், முகம்தான் தெரியாது. கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று மனப்பாடம் பண்ணினோமே, அந்தக் கமரன்! அறிக்கை எழுத வந்தவர் இந்த மலைகளில் காணி வாங்கினார். திம்புள்ளப் பக்கமும் டிக்கோயாப் பக்கமும் அவருக்குக் கோப்பித் தோட்டங்கள். வயது போன காலத்தில் புருஷனும் பெண்சாதியும் இலங்கைக்கே வந்து, 1879இல் அம்மா டிக்கோயாவில் இறந்தார், அடுத்த வருஷம் அவர். இரண்டு பேருடைய கல்லறையும் பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் ஆலயத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் தேடிக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் அந்த வழியால் பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்கிறோம்.

ஜூலியா கமரன் இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குக் கீழே பெயர் இருக்கும். டெனிசன், டார்வின், ஹெர்ஷல். அவர் இலங்கையில் எடுத்த படங்கள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. அதில் நம்மைப் போன்ற முகங்கள் உண்டு. தோட்டத்து ஆட்கள், களுத்துறைச் சனம், ஒரு இளம்பெண். பெரும்பாலான படங்களில் பெயர் இல்லை. அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தால் அவளுக்கும் ஏதோ கேட்கவேண்டும்போல இருந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அது என் ஆசையாகவும் இருக்கலாம்.

இதையெல்லாம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் பேசினபோது இரண்டு விதமான எதிர்ப்பு வந்தது. ஒரு தம்பி சொன்னான்: “அக்கா, பணக்கார வெள்ளைக்காரி ஒருத்தி பாசி பார்த்த கதையை நாம ஏன் படிக்கணும்? நம்ம கதை இல்லையா?” இருக்கிறது. 1964இல் வந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’யும், தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’யும் இன்னும் படிக்காதவர்கள் முதலில் அவற்றைப் படியுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அல்மாவின் கதையும் எங்கள் கதையும் வேறு வேறு கதை இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒரே மரத்துப் பட்டையின் உள்பக்கமும் வெளிப்பக்கமும். ஒன்றை விட்டு மற்றதைப் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

இன்னொரு பிள்ளை சொன்னது எனக்கு அதைவிடச் சிக்கலாக இருந்தது. “நம்ம அம்மாமாரும் விஞ்ஞானிதான். அவங்களுக்குத் தெரியாத செடியா?” கேட்க நன்றாக இருக்கிறது. பாதி உண்மையும்கூட. இரண்டு இலையும் மொட்டும் கிள்ளுகிற விரலுக்கு, வளருகிற மொட்டு எது, அடைத்து நின்றுவிட்ட மொட்டு எது என்று கண் பார்க்காமலே தெரியும். மலைக்குப் போய்வருகிற வழியில் வல்லாரை எங்கே, மணத்தக்காளி எங்கே, எந்தக் கானோரத்துக் கீரைக்கு மருந்தடித்திருக்கிறார்கள், எதைத் தொடக்கூடாது என்று தெரியும். தேயிலையைக் கவ்வாத்துப் பண்ணாமல் விட்டால் மரமாகி வெள்ளைப் பூப் பூக்கும் என்று நகரத்துப் பிள்ளைக்குப் படத்தில் காட்டவேண்டும், எங்களுக்குக் காட்டவேண்டியதில்லை.

ஆனாலும் அம்மாயியை விஞ்ஞானி என்று சொல்லிப் பெருமைப்பட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. மேதினத்தில் பொன்னாடை போர்த்துகிற மாதிரி இருக்கிறது அது. அல்மாவுக்கு இருந்தது வெறும் மூளை இல்லை. ஒரே பாறைக்குத் திரும்பத் திரும்பப் போய் உட்காருவதற்கு நேரம் இருந்தது. கண்ணாடி இருந்தது. கண்டதை எழுத மேசை இருந்தது, எழுதினதை அச்சடிக்க ஆள் இருந்தது. அம்மாயிக்குப் பாசியோடு பழக்கம் அல்மாவை விடக் குறைவில்லை, ஆனால் அந்தப் பழக்கம் முழுக்கப் பாசியை ஒழிப்பதற்காகத்தான். “இது ஏன் நிழல் பக்கம் மட்டும் வருது?” என்று நின்று கேட்டால் கங்காணி சத்தம் போடுவார். கொழுந்து எடுக்கிற நாளாக இருந்தால் கிலோ குறையும், கிலோ குறைந்தால் பேரில் வெட்டு. அந்தக் கேள்வி அம்மாயிக்கு வந்திருக்காது என்று நான் நம்பவில்லை. வந்திருக்கும். வந்த இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த தூருக்குப் போயிருக்கும்.

நேரமும் கண்ணாடியும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம பக்கத்திலேயே ஒருவர் உண்டு. ஜானகி அம்மாள். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் வாங்கினார். கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் கரும்பைப் புற்களோடு கலந்து பார்க்கிற வேலையைச் செய்தார். பெண், தனியாள், மேல்சாதி இல்லை, கலப்புக் குடும்பம். அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் இதெல்லாம் சும்மா விடுகிற விஷயங்களா? இங்கிலாந்துக்குப் போனார். டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் கணக்கை 1945இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். விஸ்லி தோட்டத்தில் வேலை செய்தபோது உருவாக்கின மக்னோலியா ஒன்று இன்றைக்கும் அவர் பெயரில் பூக்கிறது. லெட்ஜேரியானாவுக்கு ஒரு நல்ல பதில் மாதிரி. 1950களில் நேரு கூப்பிட்டு இந்தியாவுக்கு வந்த பிறகு, காட்டிலிருக்கிற சனம் செடியை எப்படிப் பயன்படுத்துகிறது என்பதையும் ஆராய்ச்சியாக எடுத்தார். எண்பது வயதுக்குப் பிறகும் சைலன்ட் வேலிக் காட்டை மூழ்கடிக்கக்கூடாது என்று நின்றவர்களில் ஒருவர். 1984இல் இறந்தார். 2022இல் சாவித்திரி பிரீதா நாயர் அவருடைய வாழ்க்கையைப் பெரிய புத்தகமாக எழுதியிருக்கிறார்.

ஜானகி அம்மாளையும் தேவதையாக்க வேண்டியதில்லை. அவர் படித்த, வசதியான வீட்டுப் பிள்ளை. அப்பா துணை நீதிபதி, வீட்டிலேயே தோட்டமும் புத்தகமும் இருந்தன. அல்மாவின் வீடு மாதிரி, அளவில் சின்னது. வீட்டில் இல்லாதவர்களுக்குப் பாடசாலையில்தான் கிடைக்கவேண்டும். அங்கேதான் எங்களுக்கு அடி விழுகிறது. மலையகத்தில் தமிழ்மொழியில் உயர்தர உயிரியல் படிக்கக்கூடிய பாடசாலைகள் எத்தனை, அதில் ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டி வேலை செய்கிற பாடசாலைகள் எத்தனை என்று உங்கள் ஊரில் நீங்களே எண்ணிப் பாருங்கள். விரல் மிஞ்சும். நான் படித்த இடத்தில் நுணுக்குக்காட்டி இருந்தது. அலுமாரிக்குள்ளே, பூட்டுக்குள்ளே, பொலித்தீன் உறைக்குள்ளே. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று சேர் பயந்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. பரீட்சைக்குப் படத்தை வரைந்து பாடமாக்கினோம். பாசியின் வாழ்க்கை வட்டத்துக்கு எனக்கு முழுப் புள்ளி. நுணுக்குக்காட்டியில் பாசியைப் பார்த்ததில்லை.

இதில் இன்னொரு கூத்து. உலகத்துத் தேயிலை விஞ்ஞானத்தில் பெயர்பெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது தலவாக்கலையில், சென்ட் கூம்ஸ் தோட்டத்தில். தொடங்கினது 1925இல். நூறு வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தூரில் எந்தப் பூச்சி, எந்த மண்ணுக்கு எந்தக் கன்று, கவ்வாத்து எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா, பாசியை எப்போது எடுக்கவேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகி மலைக்கு வருகிறது. பஸ்ஸில் போகும்போது பலகையைப் பார்ப்போம். அந்தக் கேட்டுக்குள்ளே கோட் போட்டுக்கொண்டு போகிற ஆராய்ச்சியாளராக லயத்திலிருந்து ஒரு பிள்ளை வருவது இன்றைக்கும் பத்திரிகையில் போடுகிற செய்தி. செய்தியாக இல்லாமல் போகிற அளவுக்கு அது சாதாரணம் ஆகவேண்டும் என்பதுதான் என் சண்டை. நாவலைப் பற்றி எழுத உட்கார்ந்து எங்கே வந்துவிட்டேன் பாருங்கள். ஆனால் அந்த நாவல் என்னை இங்கேதான் கொண்டுவந்துவிட்டது.

சிங்கோனாக் காலத்துத் திம்புள்ளையைப் பற்றி ஒரு தமிழ் நாவல் வரவேண்டும் என்று எனக்கு ஆசை. பட்டை சீவுகிற ஒரு பெண், எந்த மரத்துப் பட்டை அதிகம் கசக்கும் என்று நாக்கில் வைத்துப் பார்த்துச் சொல்லக்கூடியவள். அவளைத் தியாகியாகவும் காட்டவேண்டாம், கடைசியில் கொல்லவும் வேண்டாம். எங்கள் எழுத்தில் பெண்ணைச் சாகடிக்காமல் கதையை முடிக்கத் தெரியவில்லையோ என்று சில நேரம் எனக்கு எரிச்சல். அவளுக்கு ஒரு விஷயத்தில் கிறுக்கு இருக்கட்டும். அல்மாவுக்குப் பாசியில் இருந்த மாதிரி, வேறு எதற்காகவும் இல்லாமல் அந்த விஷயத்துக்காகவே.

நாவலை முடித்த கிழமை ஹட்டன் போய் ஒரு கைக்கண்ணாடி வாங்கினேன், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரிச் சின்னது. லயத்துக்குப் பின்னால் இருக்கிற கருங்கல் கட்டில் வைத்துப் பார்த்தேன். கில்பர்ட் பொய் சொல்லவில்லை. குட்டிக் குட்டிக் காம்பின் நுனியில் மூடி போட்ட சிமிழ் மாதிரி ஒன்று, அதன் வாயைச் சுற்றிப் பல்லு. பக்கத்துப் பாசியில் அது இல்லை, அது வேறு சாதி. அம்மாயியைக் கூப்பிட்டேன். முட்டி வலியோடு வந்து, கண்ணாடியைத் தலைகீழாகப் பிடித்து, பிறகு சரியாகப் பிடித்து, நிறைய நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தது.

“இதயா நாங்க சொரண்டுனோம்?” என்றது. கொஞ்சம் தள்ளி அடுத்த கல்லுக்குக் கண்ணாடியைக் கொண்டுபோனது.